நேர்ந்த சேவலுக்குச் சளி

மகள்தான் தும்மினாள் என்று நினைத்து அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன். அவள் பின்வாசல் படியில் உட்கார்ந்து, கையில் கடித்த பிஸ்கட்டோடு, கோழிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கோழி தும்முது" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு ஒரு வயதில் தொடங்கிய மூச்சிழுப்பு இன்னும் விடவில்லை. அந்த மார்கழியில் அவளுக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தது. வீட்டில் யார் தும்மினாலும், யார் செருமினாலும் முதலில் அவள் நெஞ்சில்தான் என் காது போய் நிற்கும். அவளைத் தூக்கி முதுகில் காதை வைத்துக் கேட்டேன். சத்தமில்லை. அப்போதுதான் கூட்டுக்குள்ளிருந்து மறுபடியும் அந்தத் தும்மல் வந்தது. சின்னப் பிள்ளையின் தும்மலைப் போலவே இருந்தது.

எங்கள் தோட்டத்து லயம் நமுனுகுல மலைக்குக் கீழே, தேயிலைச் சரிவின் இடுப்பில் இருந்தது. ஒரே கூரை, வீட்டுக்கு ஒன்றாக வரிசையாகக் காம்பராக்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு திண்ணை, பின்னால் புகை படிந்த அடுப்படி. அதற்கும் பின்னால், பலகையும் தகரமும் வைத்து அடித்த கோழிக்கூடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. காலையில் கதவைத் திறந்துவிட்டால் எந்தக் கோழி எந்த வீட்டுடையது என்பது அந்தந்த வீட்டுக்காரிக்கு மட்டும்தான் தெரியும். எல்லாம் ஒரே கான் வாய்க்காலில் தண்ணீர் குடித்து, ஒரே குப்பையைக் கிளறி, மாலையில் தங்கள் தங்கள் கூட்டுக்குப் பிரிந்து போகும். மனிதர்களும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தோம். பக்கத்து வீட்டில் ஆள் புரண்டு படுப்பது நம் வீட்டில் கேட்கும்.

நான் பதுளையில் ஏ.எல். பரீட்சை வரை படித்துவிட்டு, கொஞ்சக் காலம் இன்னொரு தோட்டத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, கல்யாணமாகி அங்கே வந்தவள். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை. தீபாவளிக்கும் பங்குனித் திருவிழாவுக்கும் வருவார். வீட்டில் அவருடைய அம்மாவான மாமியும் நானும் மகளும். மாமி காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போனால், கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு மாலையில்தான் திரும்புவார். மகளின் இழுப்புக்காகவே நான் வேலைக்குப் போகாமல் இருந்தேன். அதனால் கோழிகளும் என் பொறுப்பாயின.

அந்தக் கோழிகளில் ஒன்று எங்களுடையது இல்லை. அது முனியாண்டியுடையது.

முந்திய வருஷம் மகளுக்கு இழுப்பு கடுமையாக வந்து உதடு கறுத்தபோது, மாமி முனியாண்டி கோயில் இருக்கும் திசையைப் பார்த்து நின்று, "எம்புள்ளைக்கு மூச்சக் குடு, பங்குனித் திருவிழாவுல உனக்கு ஒரு சேவல் குடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். பிள்ளைக்கு அன்று மூச்சு வந்தது. பிறகு பொரித்த குஞ்சுகளில் செங்கறுப்பான ஒன்றைப் பிடித்து, மஞ்சளில் நனைத்த நூலை அதன் காலில் கட்டினார். அன்றிலிருந்து அதை விற்கக்கூடாது, அறுக்கக்கூடாது, யாருக்கும் கொடுக்கக்கூடாது. அது யார் வீட்டு முருங்கைக் கன்றைக் கொத்தினாலும் கல்லெறிய மாட்டார்கள். "சாமி சேவலு, என்னா செய்யிறது" என்று சொல்லி விரட்டுவதோடு சரி. அதுவும் அதைத் தெரிந்து வைத்திருந்தது போலத்தான் நடக்கும். பங்குனியில் அதைக் கோயிலில் கொடுத்தால் நேர்ந்தது தீரும். அதுவரை அது நல்லபடியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் எங்கள் வேலை. அது ஒரு பெரிய வேலை என்று நான் நினைத்திருக்கவில்லை.

தும்மல் தொடங்கிய வாரத்தில் பனிமூட்டம் விலகவே இல்லை. முதலில் பக்கத்துக் காம்பரா அக்காவின் வெள்ளைப் பேட்டுக்கோழி முகம் வீங்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றது. அடுத்து எங்கள் இரண்டு பேடுகள். மூக்கில் சளி கட்டி, அதில் தவிடு ஒட்டி, வாயைத் திறந்து திறந்து மூச்சு விட்டன. கழுத்துக்குள்ளே ஏதோ கொதிக்கிற மாதிரி ஒரு கொறகொற சத்தம். கிட்டப் போனால் ஒரு கெட்ட வாடை. எதையோ உதறித் தள்ளப் பார்ப்பதுபோல் தலையை உதறிக்கொண்டே இருந்தன.

அக்கா வந்து கோழியின் றெக்கையிலிருந்து ஒரு இறகைப் பிடுங்கி, அதன் மூக்கின் ஒரு துளையில் விட்டு மறு துளையில் இழுத்தார். சளி நூலாக வந்தது.

"இப்புடித்தான் எடுக்கணும். எங்கம்மா செய்யும். நீ புடி, நான் இழுக்கிறேன்."

"இது ஒண்ணுலருந்து ஒண்ணுக்குத் தொத்துமே அக்கா. அதே இறகால அடுத்ததுக்கும் செய்யாதீங்க."

"படிச்ச புள்ள சொல்லிருச்சு. ஆளுக்கொரு இறகு குடுங்கப்பா" என்றார். ஆனால் அடுத்த கோழிக்குப் புது இறகுதான் பிடுங்கினார். சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள் எல்லாம் அரைத்து உருட்டித் தொண்டைக்குள் தள்ளினோம். சில பிழைத்தன. பல சாய்ந்தன. காலையில் கூட்டைத் திறக்கவே கை வராது.

சேவலுக்கும் வந்தது. மாமி அன்று கொழுந்தெடுக்க மலைக்குப் போகவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மகள் போய் அதன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எனக்குப் பாவனை காட்டினாள், நான் அவளுக்குச் செய்வதைப் போலவே காதை வைத்துக் கேட்டு. "இழுக்குதும்மா" என்றாள்.

மறுநாள் ஒரு பேட்டுக்கோழியைக் கோதுமை மா பைக்குள் விட்டு, தலை மட்டும் வெளியே தெரியக் கட்டி, பதுளைக்கு பஸ் ஏறினேன். மிருக வைத்தியர் ஒபிசில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். கோழியின் வாயைத் திறந்து பார்த்தார், கண்ணை அழுத்திப் பார்த்தார்.

"எத்தினை வீட்டுக் கோழியள் ஒண்டாத் திரியுது?"

"லயத்துல எல்லா வீட்டுதும்தான் டொக்டர்."

"அப்ப நீர் ஒராள் மருந்து குடுத்து என்ன பிரயோசனம்?" என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "செத்தது செத்திட்டுது பிள்ளை. அதாலை இனிப் பிரச்சினை இல்லை. தப்பினதுதான் பிரச்சினை. பாக்க நல்லா நிக்கும், தின்னும், கூவும். ஆனா வருத்தம் உள்ளுக்கை இருக்கும். நாளைக்குப் புதுசாக் குஞ்சு வாங்கிவிட்டா அதுக்கும் குடுத்துப்போடும்."

"அப்ப என்ன செய்யிறது?"

"லயத்திலை எல்லாருமா ஒரே நேரத்திலை உள்ள கோழியளை முடியுங்கோ. வடிவாச் சமைச்சா இறைச்சி பிழையில்லை. கூட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடிச்சு, கொஞ்சக் காலம் வெறுமன விடுங்கோ. பிறகு புதுசா வளர்க்கலாம். ஒண்டை மிச்சம் விட்டாலும் செய்தது முழுக்க வீண்."

மகளைப் பற்றிக் கேட்டேன். அந்த நோய் கோழியோடு நிற்கும், பிள்ளைக்கு வராது என்றார். நான் மூச்சு விட்டேன். "ஆனா இழுப்புக்காரப் பிள்ளையெண்டா இறகும் எச்சமும் தூசியும் கிட்டக் கூடாது, என்ன?" என்றும் சொன்னார். கூட்டுத் தண்ணீரில் கலக்க ஒரு மருந்துத் தூள் தந்தார்.

சேவலைப் பற்றிக் கேட்க வாய் வரை வந்தது. டொக்டர், ஒன்று மட்டும் சாமிக்கு நேர்ந்தது, அதை என்ன செய்ய என்று. எனக்குப் பின்னால் ஒரு மாட்டுக்காரர் நின்றார். அவருக்கு முன்னால் கேட்க ஒரு மாதிரி இருந்தது. கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். அது தெரிந்ததால்தான் கேட்கவில்லையோ என்று திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்சில் யோசித்தேன்.

பீலியில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்களிடம் விஷயத்தைச் சொன்னேன். நான் பயந்ததைப்போல் யாரும் சண்டைக்கு வரவில்லை. பாதிக்குமேல் ஏற்கனவே செத்திருந்தன.

"சாகப் போறத சட்டியில போடுன்னு டொக்டரே சொல்லிட்டாரு. அப்பறம் என்னா யோசன?" என்றார் ஒருவர்.

"ஏன்டி, வருஷம் பூரா முட்டைய வித்துட்டு இன்னிக்குத்தான் உம் புருஷன் கோழிய ருசி பாக்கப் போறான்" என்றார் இன்னொருவர். பீலிக்கரை முழுவதும் சிரித்தது.

நான்தான் சொன்னேன், ஒன்றைக்கூட மிச்சம் விடக்கூடாதாம் என்று. சிரிப்பு அடங்கியது. எல்லோரும் மாமியைப் பார்த்தார்கள். மாமி குடத்தை அலம்பிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

அக்காதான் முடிவு சொன்னார். "சாமி சேவலு வேற கணக்கு. அத யாரு தொடுவா? அது இருந்துட்டுப் போகுது. முனியாண்டிக்கு நேந்தத முனியாண்டி பாத்துக்குவாரு."

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. எனக்கும் அப்போது அது பெரிய ஆறுதலாக இருந்தது. நான் சொல்லாமலே, என் வாயால் கேட்காமலே, லயமே அதற்கு விலக்குக் கொடுத்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லா அடுப்படிகளிலிருந்தும் ஒரே வாசனை எழுந்தது. பிள்ளைகள் எலும்போடு இஸ்தோப்பு இஸ்தோப்பாக ஓடினார்கள். கூடுகளைக் கழுவினோம். சுண்ணாம்பு அடித்தோம். லயத்தின் பின்புறம் வெள்ளையாக, அமைதியாக, ஆஸ்பத்திரி போல இருந்தது. அதன் நடுவே அந்த ஒற்றைச் சேவல் காலில் மஞ்சள் நூலோடு நடந்து திரிந்தது.

அது பிழைத்துவிட்டிருந்தது. இரை எடுத்தது, கூவியது. ஆனால் பனி இறங்கும் காலைகளில் அதன் இடது கண்ணில் நுரை கட்டும். கூவல் பாதியில் கரகரத்து நிற்கும். பிறகு தலையைப் பலமாக உதறும், ஒரு முறை, இரண்டு முறை, விட்டுவிட்டு. டொக்டர் சொன்ன 'தப்பினது' இதுதான் என்று ஒவ்வொரு காலையிலும் எனக்குத் தெரிந்தது. உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து அதன் முகத்தைத் துடைப்பேன். மருந்துத் தூளைக் கரைத்து வைப்பேன். துடைத்த பிறகு பார்த்தால் ஒன்றுமில்லாதது போல இருக்கும். அப்போது, நான்தான் தேவையில்லாமல் பயப்படுகிறேன் என்றும் தோன்றும்.

தைப்பொங்கல் கழிந்து அக்கா குஞ்சுகள் வாங்கினார். வெறுமனே விட்டது போதும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். போதுமா இல்லையா என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. பழைய கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து அதற்குள் விட்டு வளர்த்தார். சேவல் அந்தக் கூடையைச் சுற்றிச் சுற்றி வந்தது. நான் விரட்டினேன். அது கானுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, நான் உள்ளே போனதும் திரும்பி வந்தது. மாசியில் கூடைக்குள்ளிருந்து தும்மல் கேட்டது.

அக்கா எங்கள் பின்வாசலில் வந்து நின்றார்.

"இந்தா பாரு, எங்குஞ்சு கண்ணத் தொறக்கல. யாரால வந்துச்சு?"

"அக்கா, அது சாமி சேவலுன்னு நீங்கதானே..."

"சொன்னேன். சாமி சேவலா இருந்தா உங்கூட்டுக்குள்ள வச்சிக்கணும். ஊரு மேல விட்டுட்டு சாமி பேரச் சொல்றதா? டொக்டரு ஒண்ணையும் விடாதன்னு சொன்னாருன்னு நீதானே பீலியில வந்து படிச்ச?"

மாமி உள்ளேயிருந்து சத்தம் போட்டார். "எம்பேத்தி மூச்சுக்கு விட்ட சேவல அறுக்கச் சொல்றியா? நீயும் புள்ள பெத்தவதானே?"

"நான் அறுக்கச் சொல்லல. கட்டிப்போடச் சொல்றேன்" என்று அக்கா திரும்பிப் போனார். பிறகு எங்களோடு பேச்சில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குஞ்சுகளுக்கு வெங்காயம் அரைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

கட்டிப்போட்டால் நரியோ மரநாயோ தின்னும். சுண்ணாம்பு அடித்த பழைய கூடு அக்காவின் கூட்டோடு ஒட்டியிருந்தது. யோசித்து யோசித்து, வேறு வழி தோன்றாமல், சேவலை அடுப்படிக்குள் கொண்டுவந்து கூடையால் மூடினேன். காம்பராவுக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு கதவுகூடக் கிடையாது, ஒரு சாக்குத்தான் தொங்கும். யாழ்ப்பாணத்து டொக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. தினமும் கூட்டிப் பெருக்கினேன். எச்சத்தை உடனே வாரிச் சாம்பல் போட்டேன். சாக்கை இழுத்து இழுத்து விட்டேன். பங்குனி வரைதானே என்று சொல்லிக்கொண்டேன்.

மகளுக்கு அது சந்தோஷம். கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதோடு பேசிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் தைலப் போத்தலைத் திறந்து, அதன் நெஞ்சு இறகுகளில் பாதிப் போத்தலைத் தேய்த்துவிட்டிருந்தாள். "தம்பிக்கு இழுப்பு. அழ வேணாம்னு சொன்னேன்" என்றாள். அவள் விரல்களிலும் மூக்கிலும் சின்னச் சின்னப் பஞ்சு இறகுகள் ஒட்டியிருந்தன. நான் அவள் கையைக் கழுவிக் கழுவிச் சிவக்க வைத்தேன். அவள் அழுதாள். அழுததும் இருமினாள்.

அந்த வாரம் இழுப்பு வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தும் குறையவில்லை. விலா எலும்புகள் உள்ளே போய் வர, அவளைத் தூக்கிக்கொண்டு மாமியும் நானும் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். முகத்தில் மாஸ்க் வைத்துப் புகை மருந்து கொடுத்தார்கள். வார்டில் இருந்த டொக்டர் மிஸ் சிங்களத்தில் கேட்டார், வீட்டுக்குள் நாய், பூனை, கோழி ஏதாவது இருக்கிறதா என்று.

"கோழி ஒண்ணு இருக்கு மிஸ்" என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

"வீட்டுக்கு உள்ளேயா?"

"உள்ளே."

அவர் திட்டவில்லை. வெளியே போடுங்கள் என்றார். அப்படிச் சொல்வது எவ்வளவு எளிது என்பதுபோல் மெதுவாகச் சொன்னார். மாமிக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகவே தெரியும். வெராண்டாவுக்கு வந்ததும் கேட்டார்.

"அந்தம்மாகிட்ட ஏன் அதச் சொன்ன?"

"கேட்டாங்க மாமி."

"அந்தச் சேவலு புள்ளைக்காகத்தான் அங்க இருக்கு. புள்ளைக்குச் சீக்குக் குடுக்க இல்ல. சாமிக்குன்னு விட்டது எப்புடிப் புள்ளையக் கெடுக்கும்? படிச்சவதானே, யோசிச்சுப் பாரு."

யோசித்துத்தான் பார்த்தேன். மாமி சொன்னதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்ல முடியாது. பிள்ளையின் உதடு கறுத்த நாளில் நானும் அதே திசையைப் பார்த்துத்தான் நின்றேன். மாமி வாயால் சொன்னார், நான் மனதுக்குள் சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம். இப்போது சேவலைக் கொன்றுவிட்டுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கொல்லாமல் வைத்திருந்து ஏதாவது ஆகிவிட்டால்? இரண்டில் எதைச் செய்தாலும், ஆனதற்குக் காரணம் நான்தான் என்று தெரிந்துகொள்ள எனக்கு வழி இருந்தது. நான் காரணமில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் வழி எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையை வீட்டுக்கு விட்டதும், முனியாண்டி கோயில் பூசாரியைப் பார்க்கப் போனேன். அவர் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்பவர். வேலை முடிந்து, காதுமடலிலும் புருவத்திலும் தேயிலைத் தூளோடு வெளியே வந்தார். சேவலை முன்கூட்டியே கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"திருவிழாவுக்குன்னு நேந்தீங்களா, சும்மா நேந்தீங்களா?"

"திருவிழாவுக்குன்னுதாங்க மாமி சொன்னாங்க."

"அப்ப திருவிழாவுலதாம்மா."

"வேற சேவல் மாத்திக் குடுக்கலாமா?"

"மாத்தணும்னா சாமிகிட்டக் கேக்கணும். கேக்குறதும் திருவிழாவுலதான்." அவர் கொஞ்சம் யோசித்தார். "ஏன், அதுக்கு என்னா?"

"சும்மா... சளி மாதிரி இருந்துச்சு. இப்ப பரவால்ல."

"பாத்துக்கங்க. நொண்டி, குருடு, சீக்கு எதையும் சாமிக்குக் குடுக்கக் கூடாது. சந்நிதியில கொண்டாந்து வச்சிட்டு இல்லைன்னு திருப்பி அனுப்புனா, அது குடும்பத்துக்கு நல்லதில்ல."

ஆக, அதைக் கொல்ல முடியாது, வைத்திருக்க முடியாது, இப்போது கொடுக்க முடியாது, அப்போது கொடுக்கவும் முடியாமல் போகலாம். ஃபேக்டரியிலிருந்து லயத்துக்கு வரும் குறுக்கு வழியில் ஏறும்போது எனக்கே மூச்சு வாங்கியது.

லயத்துக் கோடியில், யாரும் புழங்காத ஒரு விறகுக் கொட்டில் இருந்தது. அதன் ஓட்டைகளைத் தகரம் வைத்து அடைத்து, சேவலை அங்கே கொண்டுபோய் விட்டேன். பிறகு ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரிப் போனது. காலையில் மகள் எழும்புமுன் பழைய சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு கொட்டிலுக்குப் போவேன். முகம் துடைத்து, இறகால் மூக்கைச் சுத்தம் செய்து, மருந்துத் தண்ணீர் வைப்பேன். திரும்பும்போது பீலியில் கைகால் கழுவி, சேலையை மாற்றி, தலையை உதறிவிட்டு, பிறகுதான் மகளிடம் போவேன். அவள் முதுகில் காதை வைப்பேன். சில நாள் சத்தம் இருக்கும், சில நாள் இருக்காது. சேவலுக்கும் அப்படித்தான். ஒன்றுக்கு நன்றாக இருந்த நாளில் மற்றதற்கும் நன்றாக இருந்ததா என்று கவனிக்கத் தொடங்கினேன். அப்படி ஒரு பொருத்தமும் இருக்கவில்லை. இருந்தாலும் கவனிப்பதை விட முடியவில்லை.

அக்காவின் குஞ்சுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒரு நாள் நான் பீலியில் கைகழுவிக்கொண்டிருந்தபோது குடத்தோடு வந்தார். என் கண்ணைப் பார்க்காமல், "புள்ளைக்கு எப்புடி?" என்றார்.

"இருக்கா அக்கா."

"ம்" என்றார். குடம் நிறையும் வரை இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பங்குனி வந்தது. கணவரும் வந்தார். சேவலைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு, நீ எழுதுனத பாத்துப் பயந்துட்டேன்" என்றார். அன்று அதன் முகத்தை நான் மூன்று தடவை துடைத்திருந்தேன். அவருக்கு நான் மறுத்துச் சொல்லவில்லை. நல்லாத்தான் இருக்கு என்று ஒருவராவது நினைத்தால், ஒருவேளை அது அப்படியே ஆகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

கோயில் தேயிலைக்கு நடுவில், ஒரு பெரிய மரத்தடியில் இருந்தது. சூலமும், வேட்டி சுற்றிய கல்லும், கூரையில்லாத மேடையும்தான். தப்பு அடித்தார்கள். மத்தியான வெயிலிலும் மரத்தடியில் ஈரம் காயவில்லை. நேர்ந்தவர்கள் வரிசையாக ஆடும் சேவலும் பிடித்துக்கொண்டு நின்றோம். மாமி சேவலை நெஞ்சோடு அணைத்திருந்தார். நான் மகளை இடுப்பில் வைத்திருந்தேன். கீழே இறக்கினால் சாம்பிராணிப் புகை அவள் உயரத்தில் நிற்கும்.

எங்கள் பக்கத்தில் கொடுப்பதற்கு முன் சாமியிடம் உத்தரவு கேட்பார்கள். மஞ்சள் தண்ணீரை எடுத்து ஆட்டின் மேலோ சேவலின் மேலோ தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்தால், தலையை உதறினால், சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். சில வேளை ஆடுகள் அசையாமல் நின்றுவிடும். வீட்டுக்காரர்கள் கீழே விழுந்து கும்பிடுவார்கள், என்ன குறை என்று அழுவார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு கிடா அப்படித்தான் வெகுநேரம் நின்று, அந்த வீட்டுத் தாயைத் தரையில் உருள வைத்துவிட்டுத்தான் சிலிர்த்தது.

எங்கள் முறை வந்தது. பூசாரி சேவலை வாங்கி மேடையில் நிறுத்தினார். கால்களைப் பார்த்தார், றெக்கையை விரித்துப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சொம்பை எடுத்தார்.

தண்ணீர் இன்னும் சொம்பை விட்டு வெளியே வரவில்லை. சேவல் தலையைப் பலமாக உதறியது.

"உத்தரவு குடுத்துட்டாரு!" என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி கொஞ்சம் தயங்கி, முறைக்காகத் தண்ணீரைத் தெளித்தார். அது மறுபடியும் உதறியது. பிறகும் உதறியது. நிறுத்தவே இல்லை.

"கேக்குமுன்னயே சம்மதம்! இந்த வருஷம் இம்புட்டுச் சீக்கிரமா யாருக்கும் குடுக்கலையே" என்றார் பின்னால் நின்ற ஒருவர். தப்பு வேகமெடுத்தது. மாமி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, வாய்விட்டு அழுதார். என் கணவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். கூட்டத்தில் நின்ற அக்காகூட எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

எனக்குக் கும்பிடக் கை வரவில்லை. ஒவ்வொரு விடியற்காலையும் அந்தக் கொட்டிலில் நான் பார்த்த உதறல் அது. மூக்கில் சளி இருக்கும்போது வருகிற உதறல். மஞ்சள் தண்ணீர் படாமலும் வரும், சாமி இல்லாத இடத்திலும் வரும். ஆனால் சாமி சம்மதிப்பதென்றால் வேறு எப்படித்தான் உதற வைப்பார்? சளியாலேயே உதற வைத்தார் என்று ஏன் இருக்கக்கூடாது? நான் அப்படி நம்பப் பார்த்தேன். சேவலின் கழுத்துக்கு மேல் கத்தி போகும் வரை, அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நம்பிவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன். முடியவில்லை. எல்லோரும் பார்த்த ஒன்றை நான் மட்டும் பார்க்காமல் நின்றேன்.

அன்று சமைத்ததில் முதல் துண்டைப் பிள்ளைக்கு ஊட்டச் சொன்னார் மாமி. நன்றாக வெந்திருந்தது. ஊட்டினேன். அவள் யாருடைய இறைச்சி என்று கேட்காமல் தின்றாள்.

மாமி மறுநாளே பிள்ளையின் மருந்துப் போத்தல்களை ஒரு பைக்குள் போட்டுக் கட்டி, சுவர்த் தட்டுக்கு மேலே வைத்தார். இனி வேண்டாம், கடன் தீர்ந்துவிட்டது என்றார். கணவர் கொழும்புக்குப் போகும்போது சிரித்த முகத்தோடு போனார். மாமி மலைக்குப் போன பிறகு நான் பையை இறக்கி, மருந்தைக் கொடுத்து, மறுபடியும் அதே முடிச்சைப் போட்டுக் கட்டி வைத்தேன். கொடுப்பதால் நேர்ந்தது பலிக்காமல் போகுமோ என்று ஒரு பயம். கொடுக்காவிட்டால் என்னாகுமோ என்று ஒரு பயம்.

சித்திரை மழை இறங்கியபோது இழுப்பு வந்தது. முன்பு வந்ததைவிடக் கடுமை. மறுபடியும் பஸ், மறுபடியும் அதே வார்டு, அதே மாஸ்க். டொக்டர் மிஸ் மாறியிருந்தார். புதியவரும் வீட்டுக்குள் ஏதாவது வளர்க்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. அப்படியென்றால் எதனால் வருகிறது என்று நான் கேட்டேன். குளிர், தூசி, புகை, எதனாலும் வரலாம், சிலருக்கு வளர்ந்தால் குறையும், சிலருக்குக் குறையாது என்றார்.

மாமி கட்டிலின் கால்மாட்டில், மலைக்குப் போன அதே உடுப்போடு உட்கார்ந்திருந்தார். பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிள்ளையின் காலிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"தலைய ஆட்டிச்சுல்ல? நீ பக்கத்துல நின்னியே, நீ பாத்தல்ல?"

அவர் என்னைச் சந்தேகிக்கவில்லை. தன்னைத்தான் சந்தேகித்தார். எனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவருக்கு என்ன மிஞ்சும் என்று தெரியவில்லை. சொல்லாவிட்டால் எனக்கு மிஞ்சுவது என்ன என்றும் தெரியவில்லை.

"பாத்தேன் மாமி. ஆட்டிச்சு."

அவர் தலையசைத்தார். மாஸ்க்குக்குள் மகளின் மூச்சு இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.